கதவு எண் 3/117

குறுஞ்செய்தி வந்தபோது
மணலில் பாசி விரித்துக்கொண்டிருந்தேன்.
ஈரக் கைக்குப் போன் திறக்காது.
இன்பென்டாதான் வாங்கித்
தனக்குத் தெரிந்ததை மட்டும் வாசித்தாள்:
ஒண்ணு. புள்ளி. நாலு.
மிச்சத்தைப் பக்கத்து வீட்டு பியோ வாசித்தான்.
பள்ளிக்கும் இருப்பிடத்துக்கும் தூரம் 1.4 கி.மீ.
ஒரு கிலோமீட்டர் வரம்புக்கு வெளியே.
விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

எங்கள் வாசலில் நின்றால்
அந்தப் பள்ளியின் மணி கேட்கும்.
கச்சான் காற்று வீசினால்
தமிழ்த்தாய் வாழ்த்தில் எந்தப் பிள்ளை பிந்துகிறது
என்பதுகூடக் கேட்கும்.

இ-சேவை மையத்துக்குப் போனேன்.
அன்று பதிந்து கொடுத்த பையன்
அதே நாற்காலியில், அதே ஃபேனுக்கு அடியில்.
"அக்கா, அன்னைக்கு நம்ம டவர் எடுக்கல,
இலங்கை டவர் இழுத்துச்சு,
மேப்ல புள்ளி எங்க விழுந்துச்சோ"
என்று திரையைத் திருப்பினான்.
நீலத்துக்கு நடுவே
சிவப்பாய் நின்றது என் வீடு.

எனக்கு அந்த இடம் தெரியும்.
இரண்டு ஆள் ஆழம்.
அடியில் பார், பாருக்கு மேல் மரிக்கொழுந்துப் பாசி.
பன்னிரண்டு வயதிலிருந்து முங்குகிறேன்.
வனத்துறை போட்டு வந்தால்
"இது உன் இடமில்லை, ஏறு" என்று விரட்டும்.
கல்வித்துறையோ
குடும்பத்தோடு என்னை அங்கே குடிவைத்திருக்கிறது.

சாயங்காலம் நிக்சன் கயிற்றை எடுத்தார்.
வாசற்படியில் தொடங்கிக்
கைவிரித்துக் கைவிரித்து,
பாகம் பாகமாக,
ஐஸ் கம்பெனி தாண்டி, அந்தோணியார் குருசடி தாண்டி,
பள்ளி கேட்டில் போய் நின்றோம்.
நானூற்றுப் பதினேழு பாகம்.
"ரோடு போடப் போறாங்களா?" என்றார் வாட்ச்மேன்.
இன்பென்டா கேட்டுக் கம்பியில் கன்னம் வைத்துச்
சறுக்குமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வா என்று இழுக்கவில்லை நான்.

திங்கட்கிழமை ராமநாதபுரம்.
பாலம் ஏறி, உச்சிப்புளி தாண்டி,
போக வர ஒரு நாள் பாசிக்காசு.
மனு எழுதுகிறவர் நூறு ரூபாய் கேட்டார்.
நானே எழுதினேன்.

மதிப்பிற்குரிய அம்மா,
தாங்கள் குறித்துள்ள இடத்தில் நான் வேலை செய்கிறேன்.
குடியிருக்கவில்லை.
அங்கே மின் இணைப்பு இல்லை.
ரேஷன் கார்டில் அந்த விலாசம் இல்லை.
என் வீட்டுக்காரர் இரவில் அங்கே வந்து படுப்பதில்லை.

கடைசி வரியை அடித்துவிட்டேன்.
கோபமாய் இருப்பதுபோல் இருந்தது.

"பாகம்னா என்னம்மா?"
கைகளை விரித்துக் காட்டினேன்.
பக்கத்து மேசையின் கோப்பு அடுக்கில் இடித்தது.
"மீட்டர்ல வேணும். வி.ஏ.ஓ. கையெழுத்து வேணும்."
இருந்தது. இரண்டு நாள் அலைந்து வாங்கியது.
அந்தம்மா மௌஸை நகர்த்தினார்.
ஒரு அலையும் கலங்காமல்
புள்ளி கரையேறியது.
அவ்வளவுதான் வேலை.
எனக்குத்தான் மூச்சு முட்டியது.

"தூரம் சரியாயிடுச்சு.
ஆனா சீட்டெல்லாம் குலுக்கல்ல போயிடுச்சே.
யாராவது சேராம விட்டாத்தான்."
காத்திருப்போர் பட்டியலில் ஆறு.
ஒப்புகைச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன்.
மண்டபம் வருவதற்குள்
வேர்வையில் முத்திரையின் தேதி கலங்கிவிட்டது.

"ஆறுன்னா நெறையவாம்மா?"
பாசி மூட்டை என்றால் கொஞ்சம்.
பிள்ளைகள் என்றால்
எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

மறுநாள் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு
அந்த இடத்தில்தான் முங்கினேன்.
ஓரா மீன் இரண்டு ஒதுங்கி வழிவிட்டன.
பாரைச் சுற்றி வந்தேன்.
கதவு எண் எங்கும் எழுதியிருக்கவில்லை.
மூச்சு தீரும்வரை தேடினேன் என்றே
வைத்துக்கொள்ளுங்கள்.
பிறகு கைக்கு வந்ததை அறுத்துக்கொண்டு
மேலே வந்தேன்.
காய்ந்தால் கால் கிலோ தேறும்.